ஒரு சாண் இடைவெளி

அந்தப் புகைப்படக்காரனைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. ட்ரோல்ஸ் என்று பெயர். தேவாலயத்துக்குள் அவன் நடக்க நடக்க ஷூ கீச்சுக் கீச்சென்றது. கல்யாணத்தில் படம் எடுக்கிறவன் கேமராவுக்கு முன்னால் தன் ஷூவைக் கவனிக்க வேண்டும். இருபது வருடமாக டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதி முழுக்கக் கல்யாணப் படம் எடுக்கிறவள் நான். எனக்குச் சொல்ல உரிமை இருக்கிறது.

மாப்பிள்ளை சம்மதம் சொல்கிற நேரத்தில் பாதிரியாரம்மாவின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்தான். அந்த அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு, விட்ட வரியைத் தேடிப் பிடித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நானே எடுத்திருப்பேன். கல்யாணப் பெண் மைக்கென்தான் வேண்டாம் என்றாள். என் கணவன் பிரெபெனுக்கும் அவன் முதல் மனைவி விபெகெவுக்கும் பிறந்தவள். ஒன்பது வயதிலிருந்து ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் எங்கள் வீடு என்று வளர்ந்தவள். "யூட்டா, அன்னைக்கு நீ கேமராவைத் தொடவே கூடாது. என் வீட்டுச் சுவத்துல மாட்டப்போற படத்துல நீயும் இருக்கணும்," என்றாள். அந்த ஒரு பேச்சுக்காகப் புது உடை வாங்கினேன். அந்தச் சுவரில் இருக்க எனக்கு அவ்வளவு ஆசை.

வாசலில் அரிசி தூவி முடிந்ததும் படிக்கட்டில் குடும்பப் படம். ட்ரோல்ஸ் வரிசை நிறுத்தினான். நடுவில் மணமக்கள். மைக்கென் பக்கத்தில் விபெகெ, அடுத்து பிரெபென், அடுத்து அவன் தங்கை இங்கர், கடைசியில் நான்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இன்னும் ஒரு சாண். ஆங், போதும்," என்றான் என்னிடம்.

அந்த ஒரு சாண் எதற்கென்று எனக்கா தெரியாது? எல்லாக் குடும்பத்திலும் நிலைப்பாரா மாட்டாரா என்று தெரியாத ஆள் ஒருவர் இருப்பார்; மகளின் புதுக் காதலன், அப்பாவின் இரண்டாம் மனைவி. அவரை ஓரத்தில் நிறுத்த வேண்டும். பக்கத்து ஆளின் தோள் உரசாமல் இடம் விட வேண்டும். அப்போதுதான் பின்னால் வெட்டும்போது யாருடைய முழங்கையும் மிஞ்சாது. நானே எத்தனையோ பேரை அப்படி நிறுத்தியிருக்கிறேன். நல்ல உத்திதான், இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். ஆனால் எனக்கே செய்வார்கள் என்று நினைத்ததில்லை.

நேரே அவனிடம் போனேன். "நானும் இந்தத் தொழில்தான், தம்பி. என்னை வெட்ட இடம் விடச் சொன்னது யாரு?"

"பொண்ணோட அப்பா," என்றான், கேமராவைத் துடைத்தபடி.

விபெகெ என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகச் சண்டை போட்டிருப்பேன்.

அதற்குள் பிரெபென் ஓடி வந்தான். "விபெகெ ஒரே பிடிவாதம், யூட்டா. அவளோட படத்துல மட்டும்தான் வெட்டுவாங்க. நம்ம படம் முழுசா இருக்கும். இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோயேன்."

"பொறுத்துக்க எப்பவும் நான்தான் கிடைக்கிறேன் உனக்கு."

"மெதுவா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நீ வந்து என் பக்கத்துல நில்லு. இல்லேன்னா நான் இப்பவே வீட்டுக்குப் போறேன். விருந்துல நீ பேச வேண்டியது என் கைப்பையிலதான் இருக்கு."

அவன் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பேச்சை எழுதியதே நான்தான். மகள் கல்யாண விருந்தில் எழுந்து நின்று திருதிருவென்று விழிக்கிற அப்பனை எங்கள் ஊரில் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள்.

வரிசையிலிருந்து விபெகெ குரல் கொடுத்தாள். "படம் எடுக்கிறவங்களுக்குப் படத்துல நிக்கத் தெரியாது போல."

"நீ வயித்தை உள்ள இழு, விபெகெ. இந்த வெளிச்சத்துல எல்லாம் தெரியும்."

மைக்கென் தன் பூங்கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

பிரெபென் என்னோடு வரிசைக்கு வந்தான். இங்கரை விபெகெவை ஒட்டி நிற்கச் சொன்னேன். அவனை என் பக்கம் இழுத்து, அவன் கையை என் கையோடு இறுகக் கோத்துக்கொண்டேன். இடைவெளி இப்போது இங்கருக்கும் அவனுக்கும் நடுவில் விழுந்தது. அவனால் அதையும் சும்மா விட முடியவில்லை. இன்னொரு கையை நீட்டித் தங்கை தோளில் வைத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் நல்லவனாக இருக்க வேண்டும் அவனுக்கு. ட்ரோல்ஸ் எங்களைப் பார்த்தான், பிறகு அந்தக் கையைப் பார்த்தான்.

"எடு," என்றேன்.

அந்த இலையுதிர் காலத்தில் மைக்கென் எங்களைக் காபிக்குக் கூப்பிட்டாள். சோபாவுக்கு மேலே, கண்ணாடி போட்ட பெரிய படமாக அது தொங்கியது.

"அம்மா பிரேம் போட்டுக் கொண்டுவந்தாங்க," என்றாள் மைக்கென். கோப்பைகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தாள். வேறு படம் மாட்டு என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

படம் இங்கரோடு முடிந்திருந்தது. நேரான, சுத்தமான வெட்டு. அவள் தோளில் மட்டும் நான்கு விரல்கள், சொந்தக்காரன் இல்லாமல்.

பிரெபென் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய் நெடுநேரம் பார்த்தான். பிறகு என்னிடம் திரும்பினான். "நான் எங்க?"

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

"என் கூடத்தான் இருக்கே," என்றேன். "உக்காரு, காபி ஆறுது."