ரூபாயை அமுக்கச் சொன்னவர்

என் வீட்டுக்காரர் சத்தியதாஸுக்குத் தெரியாத விலை இந்தப் பூமியில் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். உதியன்குளங்கரையில் இருபத்தெட்டு வருஷம் டயர் கடை நடத்தியவர். வீடு கேரள எல்லையில், குன்னத்துகாலில். கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் யார் எதை வாங்கப் போனாலும் முதலில் ஒரு கேள்வி உண்டு. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? பெட்ரோல் அந்தப் பக்கம். மீன் இந்தப் பக்கம். கோழி என்றால் அன்றைக்குக் காலையில் இவரை விசாரித்துவிட்டுத்தான்.

அந்தப் பக்கத்துக் கடையில் போய் நின்றதும், "நம்ம ஆளுக்கு எவ்வளவு?" என்று கேட்பார். கடைக்காரன் சிரித்துக்கொண்டே ஏதோ குறைப்பான். நாலு ரூபாய் குறைந்தாலும் இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். வீடு திரும்பும் வழியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் அந்த நாலு ரூபாயைச் சொல்லாமல் வரமாட்டார்.

இவரிடம் இல்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான். தப்பு. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் இவர் ஒரு தப்பும் செய்ததில்லை. ஒருமுறை ஆரியங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். "இந்த மண்டபம் இல்லை" என்று நான் வாசலிலேயே சொன்னேன். கேட்கவில்லை. முன்பின் தெரியாத மணமக்களுக்குக் கவர் கொடுத்து, போட்டோவுக்கு நின்று, பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டோம். திரும்பி வரும்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். "நல்ல சாப்பாடு" என்றார். அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். சாவதற்குள் இந்த மனுஷன் வாயிலிருந்து 'விமலா, நீ சொன்னதுதான் சரி' என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். எனக்கு நகை வேண்டாம், பட்டு வேண்டாம், அது போதும்.

போன வருஷம் எங்கள் கிறிஸ்தவ சபையிலிருந்து பதினாறு பேர் ஐந்து நாள் மலேசியா போனோம். முன்னால் நின்று எல்லாம் ஏற்பாடு செய்தவர் ராஜையா அண்ணன், போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செலவுக்கு நோட்டுக் கட்டைச் சுமக்க வேண்டாம், கிரெடிட் கார்டு போதும் என்று பிள்ளைகள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இவரிடம் ஒரு கார்டு. எனக்குப் பென்ஷன் வருகிற பேங்கில் தனியாக ஒன்று. நான் சுகாதாரத் துறையில் ஜூனியர் நர்ஸாக இருந்தவள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் எங்கள் மகன் எபின் கொச்சியிலிருந்து என்னைப் போனில் கூப்பிட்டான்.

"அம்மா, அப்பாட்ட சொன்னா கேக்கமாட்டாரு. அதனால ஒங்ககிட்ட சொல்லுதேன். அங்க கடையில கார்டு போட்டா மெஷின் ஒரு கேள்வி கேக்கும். ரூபாயிலயா, அவனுக்க நாட்டுக் காசு ரிங்கிட்டிலயான்னு. கண்ணை மூடிட்டு ரிங்கிட்ட அமுக்கணும். ரூபாய அமுக்கினா, அவன் வைக்கியதாக்கும் ரேட்டு. நூறுக்கு ஆறேழு ரூபா சும்மா போவும். மனசிலாச்சா?"

எனக்கு மனசிலாச்சு. சிக்கல் எனக்கு இல்லையே.

கோலாலம்பூரில் முதல் கடை, சாக்லேட் கடை. இவர் கார்டைக் கொடுத்தார். அந்தப் பெண் மெஷினைத் திருப்பிக் காட்டினாள். மேலே ரூபாய், கீழே ரிங்கிட். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பந்தியில் தன் இலைக்கு மட்டும் இரண்டு வடை வந்த மாதிரி ஒரு பூரிப்பு.

"பாத்தியா விமலா? மெஷினுக்கே நம்மள ஆளு தெரியுது. நம்ம ஆளுக்குன்னு தனி ரேட்டு வச்சிருக்கான்."

"எபின் ரிங்கிட்ட அமுக்கச் சொன்னான்" என்றேன்.

"அவன் கொச்சியில ஏசியில இருக்கியவன். பார்டரைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? ஒனக்கு ஊசி போடத்தான் தெரியும். சும்மா இரி."

பதினாலு பேர் முன்னால் சொன்னார். டப்பென்று ரூபாயை அமுக்கினார். அதோடு விட்டாரா? வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "எலே, எல்லாரும் ரூபாய அமுக்கணும், கேட்டியளா? ஏமாந்துராதீங்க" என்று உத்தரவும் போட்டார். சபையார் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். டயரிலிருந்து தேங்காய் எண்ணெய் வரை இவர் சொல்கிற இடத்தில்தானே வாங்கிப் பழக்கம்!

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஒரு ஊசி போட்டிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஹோட்டலுக்கு வந்தேன். இவர் குளிக்கப் போனார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன்.

போலியோ சொட்டு மருந்துக்கு வீடு வீடாகப் போன கால் இது. ஒரு வீட்டை விடக்கூடாது, பூட்டிய கதவாக இருந்தால் திரும்பவும் போக வேண்டும். மூன்றாம் மாடியிலும் நாலாம் மாடியிலுமாக எங்கள் ஆட்களுக்கு ஏழு அறை. ஏழையும் தட்டினேன். எபின் சொன்னதைச் சொன்னேன். நாளையிலிருந்து ரிங்கிட்டை மட்டும் அமுக்க வேண்டும் என்று புரிகிற வரைக்கும் சொன்னேன்.

"சத்தியதாஸ் அண்ணன் கேட்டா என்ன சொல்லியது சிஸ்டர்?" என்று ரெஜிலா கேட்டாள். பாறசாலையில் தையல் கடை வைத்திருப்பவள், கூட்டத்தில் சின்னவள்.

"ஒண்ணும் சொல்லாண்டாம். தெரிஞ்சா வெஷமிப்பாரு, மனசு நொந்துபோவாரு."

ராஜையா அண்ணன் மட்டும், "நாங்க எல்லாரும் தப்பிச்சாச்சு. அவனுக்க காரியம்?" என்றார்.

"அவருக்குத்தான் மொதல்ல சொன்னேன் அண்ணே. எறங்கல."

ஆக, மருந்தைத் துப்பின ஒரே குழந்தை எங்கள் அறையில்தான் இருந்தது.

அடுத்த இரண்டு நாளும் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எந்தக் கடையானாலும் இவர் மெஷின் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். "ரூபாய், ரூபாய்" என்பார். நம்மவர்கள், "பின் நம்பர் போடணும் சத்தியதாஸே" என்பார்கள். இவர் நேர்மையான மனுஷன், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு கூரையைப் பார்ப்பார். அந்த இடைவெளியில் ரிங்கிட்டை அமுக்கிவிடுவார்கள். "அமுக்கியாச்சா?" என்று கூரையைப் பார்த்தபடியே கேட்பார். "ஓ, அமுக்கியாச்சு" என்பார்கள். நான் மட்டும் இவர் இல்லாத கடையாகப் பார்த்து என் கார்டில் ரிங்கிட்டை அமுக்கினேன். ரெஜிலா மூன்று பெட்டி காபித்தூளும் ஒரு கூடைத் தைலமும் வாங்கி இப்படித்தான் அமுக்கினாள். இவரும் திருப்தியாக அவள் தலையைத் தொட்டு, "நல்லா இரி மக்கா" என்றார்.

எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் 'ஊசி போடத்தான் தெரியும்' என்றது காதை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் நாள் பினாங்கில் இருந்தோம். சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஹோட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்து இவரே எபினை வீடியோவில் கூப்பிட்டார்.

"மக்கா, இங்க பதினாலு பேரையும் ரூபாயில அமுக்க வச்சிட்டேன். நான் இல்லன்னா எல்லாரையும் பறிச்சிருப்பானுவ."

எபின் முகம் போன போக்கைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் மெதுவாகத்தான் எடுத்துச் சொன்னான். இவர் நம்பவில்லை. போனை வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேங்கிலிருந்து வந்த மெசேஜ்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். எதிரே சுவரில் பணம் மாற்றுகிறவர்களின் விலைப்பலகை இருந்தது. அதைப் பார்ப்பார், மெசேஜைப் பார்ப்பார், விரலை மடக்குவார். விலை விஷயத்தில் இவருக்குக் கணக்கு தப்பாது. அரைமணி நேரத்தில் தெரிந்துகொண்டார்.

அறைக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாப்பிடக் கூப்பிட்டேன்.

"எனக்கு வேண்டாம். வயிறு சரியில்ல."

கொஞ்ச நேரம் கழித்து, என்னிடம் சொல்வதாக இல்லாமல், சுவரிடம் சொல்கிற மாதிரி, "ரெஜிலா மூணு பெட்டி வாங்கினா" என்றார். பிறகு, "ராஜையா அண்ணன் பேரனுக்கு வாட்ச் வாங்கினாரு" என்றார். தன் கார்டில் போனதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

நான் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். ஒரே ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும். 'அவங்க யாரும் ரூபாய அமுக்கல' என்றால் போதும், எழுந்து வந்து சாப்பிடுவார். ஆனால் நாளைக்குக் காலையிலேயே, யாருக்கும் நஷ்டமில்லையே, பிறகு தப்பு எங்கே என்று கேட்பார். ஆரியங்கோட்டுப் பாயசம் மாதிரி இதுவும் செரித்துவிடும். முப்பத்தொரு வருஷமாக நான் காத்திருக்கிற வார்த்தை அந்த மனுஷன் தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. நான் வாயைத் திறந்தால் அது திரும்ப உள்ளே போய்விடும்.

நான் வாயைத் திறக்கவில்லை. கீழே போய் என் பங்குக்கு நன்றாகவே சாப்பிட்டேன். கெட்டவள்தான் நான், ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலையும் இவர் வெறும் காபியோடு பஸ்ஸில் ஏறினார். திரும்பவும் கோலாலம்பூருக்கு ஐந்து மணி நேரப் பயணம். எங்கள் ஆட்கள் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் ஒரு முறை உண்டு. முதலில் பாட்டு, அடுத்தது ஜெபம், அதற்கடுத்து மைக்கைக் கையில் கொடுத்துச் சாட்சி. சுகமாகக் கொண்டுவந்தார், மழை பெய்யாமல் காத்தார் என்று ஆளுக்கு இரண்டு வார்த்தை. ராஜையா அண்ணன் மைக்கை நீட்டினதும் இவர் எழுந்து நின்றார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் ஒரு தப்பு செய்தேன்" என்றார்.

மைக்கை இன்னும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார்.

"மூணு நாளா ஒங்க எல்லாரையும் ரூபாய அமுக்கச் சொன்னது நானாக்கும். அது நம்ம ஆளுக்குள்ள ரேட்டு இல்ல. நம்மள பறிக்கியதுக்குள்ள ரேட்டு. எனக்க வீட்டுக்காரி மொதல் நாளே சொன்னா. நான் ஒங்க முன்னால வச்சு அவளுக்க வாயை அடைச்சேன். விமலா சொன்னதாக்கும் சரி. நான் சொன்னது தப்பு. ஊருக்குப் போன பொறவு ஒவ்வொருத்தரும் எவ்வளவு போச்சுன்னு சொல்லுங்க. நான் தந்திருதேன்."



கேட்டுவிட்டேன். பதினாலு பேர் முன்னால், மைக்கில், என் பெயரைச் சொல்லி. இனி எனக்கு என்ன வேண்டும்? ஆனால் சந்தோஷம் வரவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து பட்டினி கிடக்கிற ஒரு மனுஷன்தான் கண்ணுக்குத் தெரிந்தார். என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் ராஜையா அண்ணன் மைக்கை வாங்கினார்.

"பின்னே, எனக்கும் கொஞ்சம் போச்சு சத்தியதாஸே. அதுக்கு என்னவாக்கும் இப்ப? போட்டும். ஒனக்க பைசா ஒண்ணும் எங்களுக்கு வேண்டாம்."

முப்பது வருஷம் சபையில் காணிக்கை எண்ணியவர். முகம் மாறாமல் பொய் சொன்னார். அடுத்து ரெஜிலா எழுந்தாள்.

"அண்ணன் சொன்னா அமுக்காம இருக்க முடியுமா? எனக்கும் போச்சு. ஆனா காபித்தூள் நல்லதாக்கும்."

அதன்பிறகு பின் சீட்டிலிருந்து முன் சீட்டு வரைக்கும் ஒவ்வொருவராக, எனக்கும் போச்சு, எங்களுக்கும் போச்சு என்று சொன்னார்கள். ஜெபம் முடிந்த வாய் காய்வதற்குள் பதினாலு பேரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். கடைசியில் யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள்.

இவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. பாட்டுச் சத்தத்தில் என் காதோடு குனிந்தார்.

"பாத்தியா விமலா? நான் தப்பாத்தான் சொன்னேன். ஆனா ஒருத்தர் பாக்கியில்லாம எனக்க வார்த்தைய நம்பி அமுக்கியிருக்காங்க."

அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் எங்கே கொண்டு வைப்பேன்! தப்பை ஒத்துக்கொண்ட வலியை விட அது பெரிதாக இருந்தது. பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்து அவர் மடியில் வைத்தேன்.

"நானும் ரூபாயத்தான் அமுக்கினேன்" என்றேன்.

இவர் பிஸ்கட்டைக் கடிக்காமல் என்னையே பார்த்தார்.

"நீயா? ஒனக்குத்தான் தெரியுமே. தெரிஞ்சும் ஏன் அமுக்கின?"

"நீங்க சொன்னீங்கல்லா."