எடுத்துவிட்ட நான்கு தூண்கள்

நாட்டின் முதல் கட்டடக் கலைஞர் என்று பள்ளிப் புத்தகத்தில் படம் போட்டிருப்பது என் அப்பாவைத்தான். அந்நியர் வரைந்து கொடுத்த காலம் போய், நம்மவர் ஒருவர் வரைந்த முதல் பெரிய கட்டடம் தேசிய அரங்கம். அதை இடிக்க அரசு முடிவு செய்தபோது, தடுக்க வழக்குப் போட்டவள் நான்.

விசாரணைக்கு முந்தைய நாள் காலை, வாக்குமூலத்தில் அப்பாவின் கையெழுத்து வாங்கப் போனேன். எண்பத்தாறு வயது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். பேனாவை மூடி வைத்தார்.

"இடிக்கட்டும்மா."

"என்னப்பா சொல்றீங்க? ஊரே உங்களுக்காக நிக்குது."

"அதான் பயமா இருக்கு."

பிறகு சொன்னார். முதல் வரைபடத்தில் அரங்கத்தின் நடுவே நான்கு தூண்கள் இருந்தன. பின்வரிசைக்கு மேடையை மறைக்கின்றன என்று அவற்றை எடுத்துவிட்டார். கூரை தாங்காது என்று பொறியாளர் தலைப்பாடாய் அடித்துக்கொண்டார். அப்பாவின் கல்லூரித் தோழர் அவர். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. கணக்குத் தெரியாதவர் என்ற பெயரோடு அவரை அனுப்பிவிட்டு, வேறொருவரிடம் அப்பா கையெழுத்து வாங்கினார்.

"நாப்பத்தஞ்சு வருஷமா ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலைங்கறது வேற, ஆகாதுங்கறது வேற. மழை பேஞ்சா எனக்குத் தூக்கமே கிடையாது, தெரியுமா?"

"அப்ப ஏன் வாயத் திறக்கல?"

"முதல் ஆளு நான். நான் தப்புன்னா, நம்மாளுங்களுக்கு இதெல்லாம் வராதுன்னு சொல்லிருப்பாங்க." கண்ணாடியைக் கழற்றி, "பெருமையும்தான்," என்றார்.

அன்று மாலை அந்த அரங்கத்தில் பள்ளிப் பிள்ளைகளின் பரிசளிப்பு. எண்ணூறு பேர். அரங்க மேலாளரைப் போனில் பிடித்து, நிகழ்ச்சியை நிறுத்திப் பூட்டச் சொன்னேன்.

"மேடம், நேத்து வரைக்கும் இது இரும்புக்கோட்டைன்னு மைக்ல பேசினது நீங்கதானே?" என்று சிரித்தார்.

அப்பா போனை வாங்கினார். "தம்பி, அதைக் கட்டினவன் பேசுறேன். பூட்டுங்க."

பூட்டினார்கள். மறுநாள் விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்டேன். மறுவாரம் அளந்தபோது நடு உத்திரம் மூன்று விரற்கடை தொங்கியிருந்தது. வழக்கைத் திரும்பப் பெற்றேன். கூட நின்றவர்கள் நான் விலைபோய்விட்டதாகச் சொன்னார்கள். பத்திரிகைகள் அப்பாவைக் கிழித்துத் தொங்கவிட்டன.

அப்பா அனுப்பிவிட்ட அந்தப் பொறியாளர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மனைவியின் வீட்டைத் தேடிப்பிடித்து அப்பாவை அழைத்துப்போனேன். வாசலில் நின்றபடியே அப்பா எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இதை அவரு இருக்கும்போது சொல்லியிருந்தா, ஒரு வாய் சோறாவது நிம்மதியா தின்னிருப்பாரு."

உட்காரச் சொல்லவில்லை. கதவைச் சாத்திய பிறகும் அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான்தான் கையைப் பிடித்துப் படியிறக்கினேன்.