கால் படாமல் ஒன்று

பதினெட்டு வருடமாக உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கிறவன் நான். பெரிய மேலாளர்கள் கூட்டத்தில் கொட்டாவி விடுவதையெல்லாம் வெளியிலிருந்து பார்த்தவன். அப்படிப்பட்ட என்னிடம், புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி ஒரு காகிதத்தை நீட்டினார். கயிற்றில் இறங்குகிறவர்கள் எல்லோரும் மூன்று மாதத்தில் ஒரு சின்-அப் போட்டுக் காட்ட வேண்டுமாம். அதாவது, கம்பியில் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே வரும்வரை உடம்பைத் தூக்க வேண்டும். முடியாதவர்களுக்குத் தரையில் வேலை. 'மேலே பணி நடக்கிறது' என்ற பலகையின் பக்கத்தில் நின்று, போகிறவர்களைச் சுற்றிப் போகச் சொல்ல வேண்டும்.

எனக்கு வயது நாற்பத்தாறு. அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நிற்பதைவிட அந்தப் பலகையாகவே இருந்துவிடலாம்.

"ஒண்ணு என்ன சார், பத்து போடுறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் கைக்கு முன்னால் போய்விடும். பக்கத்துக் கயிற்றில் தொங்குகிற என் கூட்டாளி சுவரோடு ஒட்டிக்கொள்வதால் அவனுக்குப் பல்லி என்று பெயர். அவன் சிரிப்பை மறைக்க இல்லாத இருமலை இருமினான்.

என் மனைவி துணிகளைத் திருத்தித் தைக்கிறவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தினாள்.

"பத்தா? இப்ப எத்தனை வருது?"

"இன்னும் போட்டுப் பார்க்கல."

"என்கிட்டயும் இப்படித்தான் வராங்க. 'அடுத்த மாசம் மெலிஞ்சிடுவேன், நாலு இஞ்ச் பிடிச்சிடுங்க'ன்னு. இருக்கிற இடுப்புக்குத்தான் தைப்பேன்னு சொல்லிடுவேன். நீங்க மொதல்ல சும்மா தொங்கிப் பாருங்க."

தொங்குவதா? என் தொழிலே அதுதானே! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படுக்கையறை வாசல் நிலையில் ஒரு கம்பியை மாட்டி, அவள் தையல் கடைக்குப் போன பிறகு தனியாக ஆரம்பித்தேன். முதல் நாளே ஒன்று வந்தது. மூன்றாவது வாரம் நான்கு. ஏழாவது வாரம் ஏழு! ஒவ்வொன்றையும் பக்கத்துச் சுவரில் பென்சிலால் குறித்து வைத்தேன். பல்லியிடம் மட்டும் ஒன்பது என்று சொன்னேன்.

ஒரு நாள் அவள் மறந்துபோன நூல்கண்டுக்காகத் திரும்பி வந்தாள். நான் ஐந்தாவதில் இருந்தேன்.

"கால் என்ன பண்ணுது?"

"எந்தக் கால்?"

"உங்க கால்தான். நிலையை மிதிச்சு ஏறிட்டிருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். நிலையின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில், கட்டைவிரல் பட்டுப் பட்டு வெள்ளைப் பெயின்ட் கறுத்துக் கிடந்தது. கயிற்றில் இருக்கிறவன் காலை அந்தரத்தில் விடமாட்டான். விட்டால் உடம்பு சுழன்றுவிடும். சுவர் எங்கே என்று கால் தானாகவே தேடி ஊன்றிக்கொள்ளும். ஏழு சின்-அப்பையும் எனக்குத் தெரியாமல் என் கால்கள்தான் போட்டிருக்கின்றன.

முழங்காலைப் பின்னால் மடக்கிக்கொண்டு இழுக்கச் சொன்னாள். இழுத்தேன். காது அடைத்தது, முகம் கொதித்தது, உடம்பு நான்கு விரற்கடைகூட ஏறவில்லை. மீதி இருந்தது ஐந்தே வாரம். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பலகையோடு நிற்கிற என்னைப் பல்லி மேலேயிருந்து பார்ப்பானே, அதை நினைத்துத்தான் அழுதேன்.

அவள் சுவரில் இருந்த எண்களை அழித்தாள். "பத்து கெடையாது. ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. அது வரும்."

முதல் வாரம் வெறுமனே தொங்கினேன். அடுத்து, ஸ்டூலில் ஏறி மோவாயைக் கம்பிக்கு மேல் வைத்துக்கொண்டு, ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறங்கினேன்.

"ஏற வராதவன் இறங்கிப் பழகுறதா?"

"எறங்கும்போதும் உங்க கைதானே தாங்குது?"

கால் நிலையைத் தேடினால் தையல் ஸ்கேலால் ஒரு தட்டு விழும். நாள் விட்டு நாள்தான் பயிற்சி. ஓய்வு நாளில் கம்பியைத் தொட்டால் இரண்டு தட்டு. நான்காவது வாரம் ஏறிப் பார்த்தபோது மூக்கு கம்பி உயரத்துக்கு வந்தது. ஐந்தாவது வாரம் உதடு வந்தது.

சோதனை நாளில், வண்டி நிறுத்துமிடத்தின் நடுவே தனியாகக் கம்பி நட்டிருந்தார்கள். பல்லி பன்னிரண்டு போட்டான். நான் தொங்கினேன். கால் சுவரைத் தேடியது, கிடைக்கவில்லை. பல்லைக் கடித்து இழுத்தேன். முழங்கை நடுங்க நடுங்க, மோவாய் கம்பிக்கு மேலே வந்துவிட்டது! இறங்கித் திரும்பினால், அதிகாரி யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ம், ஆரம்பிங்க" என்றார்.

"போட்டுட்டேன் சார்."

"நான் பார்க்கலையே. இன்னொண்ணு போடுங்க."

இன்னொன்று என் திட்டத்திலேயே இல்லை. பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பல்லி சத்தமில்லாமல் வந்து என் தோளைப் பிடித்துவிட்டான். பிறகு எழுந்துபோய்த் தொங்கினேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"என்னாச்சு? எத்தனை?"

"ரெண்டு!"

அவள் முகம் வாடிவிட்டது. "உண்மையைச் சொல்லுங்க. வரலைன்னாலும் பரவால்ல."

அவர் ஃபோனில் பேசினார், பார்க்கவில்லை, மறுபடி போடச் சொன்னார் என்று ஆரம்பித்தேன். என் காதுக்கே அது அப்பட்டமான புளுகாகக் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன். பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக, நடந்ததைவிடக் குறைத்துச் சொன்னேன்.

"ஒண்ணுதான்."

"கால் படாமலா?"

"படாமத்தான்."

"நான்தான் சொன்னேன்ல, ஒண்ணு வரும்னு" என்றபோது அவள் குரல் உடைந்தது. இரண்டாவதை நான் அப்படியே விழுங்கிவிட்டேன்.