ரூத் தைத்த தலையணை

ரூத் புதுத் தலையணை தைத்துப் போட்ட மறுநாள், காலை பதினொன்றரை மணிக்கு, அவள் புருஷன் ஜெரோம் தூக்கத்தில் சர்வே நம்பர் சொல்ல ஆரம்பித்தான். திருவிடந்தைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் இரவுக் காவல் பார்ப்பவன், பகலில்தான் தூங்குவான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் அன்று தங்குதடையில்லாத ஆபீஸ் இங்கிலீஷில் ஏரி நிலம் யார் பெயருக்கு மாறியது, எந்தப் பெரிய மனிதர் கண்ணை மூடிக்கொண்டார் என்று தேதியோடு ஒப்பித்தான். மூன்று மணிக்கு எழுந்தவன், "இன்னா, எல்லாரும் என் மூஞ்சியே பாத்துகினு கீறீங்க? சோறு போடு" என்றான்.

தலையணைக்குள் பஞ்சு இல்லை. நாவலூரில் அடுக்குமாடி கட்டி விற்கும் ஒரு கம்பெனியில் ரூத் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தாள். வெளியே தெரியக்கூடாத காகிதங்களை அங்கே மெஷினில் விட்டு இடியாப்பமாக்கிவிடுவார்கள். நல்ல காகிதம் வீணாகிறதே என்று அந்தச் சுருளை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அடைத்திருந்தாள். கிழித்துவிட்டால் தீர்ந்தது என்று படித்தவர்கள் நம்பியதை என்னவென்று சொல்வது.

விஷயம் பரவி, ஒரே வாரத்தில் சென்னையிலிருந்து நிருபர் ரோஹித் வந்து, கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, போனை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை ஏரி விவகாரம் பேப்பரில் முதல் பக்கத்தில் வந்தது. அப்புறம் வாசலில் செருப்புக் குறையவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்டதை மேடையில் படித்தார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் அதை மறுத்துவிட்டு, அடுத்து யார் பெயர் வரும் என்று கேட்டுவர ஆளனுப்பினார்கள். செங்கல்பட்டு புரோக்கர்கள் புது ரோடு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்துகொண்டு முந்திப் போய் நிலம் பேசினார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு பதவி போனது, மூன்று பேர் கட்சி மாறினார்கள். கம்பெனி தன் மேனேஜர்களைச் சந்தேகப்பட்டு நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பியது. துடைப்பம் பிடித்தவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரூத்தும் வாரத்துக்கொரு மூட்டை சுருளைக் கொண்டுவந்து, அமுங்கிப்போன தலையணையை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வருஷம், அக்டோபர் மாதம் ஒரு மத்தியானம் ஜெரோம் தூக்கத்தில் சொன்னான்: "ஜெபக்குமார், வயது இருபத்தாறு. மூன்றாம் டவர், மூன்றாம் தூண் குழி. விழுந்தபின்பும் கான்கிரீட் கொட்டுவது நிறுத்தப்படவில்லை. வீட்டாருக்குச் சொல்ல வேண்டியது: வேலையை விட்டு ஓடிவிட்டான்."

ஜெபக்குமார் ரூத்தின் தம்பி, அதே கம்பெனியின் கட்டட வேலைக்குப் போனவன். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு கேரளாவுக்கு ஓடிவிட்டான் என்று மேஸ்திரி சொல்லி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அம்மா ஞானம்மாள் அதை நம்பாமலும் இருக்க முடியாமல், நம்பவும் முடியாமல் கிடந்தாள். கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைகளைக் கழுவிப் பூ வைக்கும்போது அவள் மட்டும் மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்தபடி நிற்பாள். ஓடிப்போனவனுக்கு எந்த இடத்தில் ஏற்றுவது? ரூத்துக்குத் தம்பிமேல் ஆறு வருஷக் கோபம் இருந்தது.

கட்டிலருகே பதிவு பண்ணிக்கொண்டிருந்த ரோஹித் போனை அணைத்தான். "இது நியூசா நிக்காதுக்கா. கையில பேப்பர் இல்ல."

"ஏரிக்கு மட்டும் பேப்பர் இருந்துச்சா?"

"ஏரியப் படிக்க ஆள் இருந்தாங்க" என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

கட்சிக்காரர் தேர்தல் முடியட்டும் என்றார். புரோக்கர் அந்த டவரில் இனி விலை இறங்குமா என்று கேட்டார். போலீசில், தூக்கத்தில் பேசியதை எழுதிக்கொள்ள வழியில்லை என்றார்கள்.

ரூத் யாரிடமும் மேற்கொண்டு கேட்கவில்லை. தலையணையைப் பிரித்து, பழைய ஃபைல்களைக் கிழித்த அந்த வாரச் சுருளை மட்டும் எடுத்துச் சின்னதாக ஒன்று தைத்தாள். முதலாளி கோபாலகிருஷ்ணன் சாப்பிட்டதும் தன் கண்ணாடி அறை சோபாவில் அரைமணி நேரம் சாய்வது வழக்கம். திங்கட்கிழமை காலை சோபாவைத் தட்டிப்போட்டவள் அதை அங்கே வைத்தாள். இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு, கடன் கொடுக்க வந்த பேங்க் ஆட்கள் வெளியே காத்திருக்கையில், அவர் வாய் திறந்தது. வந்தது ஆபீஸ் இங்கிலீஷ் இல்லை, ஜெபக்குமாரின் குரல்.

"யக்கா, மூணாவது தூண்லதான் கீறேன். அம்மாகிட்ட சொல்லு, நான் ஓடல."

அந்தத் தளத்தில் ஒரு கீபோர்டும் சத்தம் போடவில்லை. ரூத் கண்ணாடியில் வைத்த துணியை எடுக்காமல் அழுதாள்.

சோபாவை மாற்றிப் பார்த்தார்கள், டாக்டரை மாற்றிப் பார்த்தார்கள். தலையணையே இல்லாமலும் அவர் சொன்னார். ரூத்தை வேலையிலிருந்து நிறுத்தியபோது விழித்திருக்கையிலும் சொல்ல ஆரம்பித்தார். மறுவாரமே அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். விழித்துக்கொண்டே சொன்னதைப் போலீசால் எழுதிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை; வழக்கு இப்போது செங்கல்பட்டு கோர்ட்டில் நடக்கிறது. பத்தொன்பது மாடியும் நூற்றைம்பது குடும்பமும் ஏறி நிற்கும் தூணை இடிக்க முடியாது என்பதால், வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி ஞானம்மாள் கார் நிறுத்தும் கீழ்த்தளத்துக்கே போகிறாள். மூன்றாம் தூணைக் கழுவி, சாமந்தி சுற்றி, மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். அந்தத் தூணருகே கார் நிறுத்தும் குடித்தனக்காரர் ஹேமந்த் முந்தின நாளே காரை எடுத்துவிட்டு, ஒரு பக்கெட் தண்ணீரும் பிடித்து வைக்கிறார்.

ஆபீசில் இரண்டு மணிக்கு யார் வந்தாலும், இரண்டரைக்கு வரச் சொல்லிவிடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் ரூத் கண்ணாடி துடைக்கப் போவாள். உள்ளேயிருந்து தம்பி சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "சொல்லிட்டேன்டா, தூங்கு" என்பாள். பிறகு அடுத்த கண்ணாடிக்குப் போவாள்.