மணிலாவுக்கு வர மணிலாவை விட்டுப் போனவன்

என் மனைவியின் தம்பி நிகானோருக்கு, பிலிப்பைன்ஸில் எங்கள் செபுத் தீவிலிருந்து மணிலா வழியாகத் தோஹா போய்வர ஒரே டிக்கெட். சனிக்கிழமை தோஹாவில் அவன் மகள் கல்யாணம். அவளைக் கைபிடித்துத் தேவாலயத்துக்குள் கூட்டிப்போக வேண்டியவன் இவன்தான்.

யோசனை சொன்னவன் நான். முப்பது வருஷம் கப்பல் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவன் வேறென்ன சொல்வேன்?

"மணிலா வரைக்கும் என்கூடக் கப்பல்ல வா மாப்ள. அங்க இருக்குற சொந்தத்துக்கெல்லாம் உங்கக்கா கருவாடு கட்டியிருக்கா, தனியா தூக்க முடியாது. தோஹா ப்ளேனை மணிலாலயே புடிச்சுக்க. நீ ஏறலைன்னா செபு ப்ளேன் லேசாகிச் சீக்கிரம் பறக்கும், பைலட் உன்னைக் கும்புடுவான்!"

மூட்டைகள் ஏறியதும் கப்பலே ஒருபக்கம் சாய்ந்தது. ஒரு பகல், ஓர் இரவு கழித்து, புதன்கிழமை நண்பகலில் மணிலாவில் இறங்கினோம். விமானம் வியாழன் காலை. எதற்கும் சொல்லிவைப்போமே என்று விமான நிலையத்துக்குப் போனோம்.

"நாளைக்குச் செபுல ஏற மாட்டேம்மா. இங்கயே ஏறிக்கிறேன்" என்றான் நிகானோர்.

கவுண்டர் பெண் பதறிப்போனாள். "ஐயையோ! செபுல ஏறலைன்னா தோஹா சீட்டும் ரத்தாயிடும். திரும்பி வர்றதும் போயிடும்."

"காசு கட்டியாச்சு, ஆளும் இங்கதான நிக்கிறான்?" என்றேன்.

"டிக்கெட்டு ஒண்ணுதான் ஐயா. மொதல்லேர்ந்து வரிசையாத்தான் போகணும். நடுவுல ஏறுனா ஒத்துக்காது."

எனக்குப் பயம் வரவேண்டிய இடத்தில் ஆர்வம் வந்துவிட்டது. "ஏம்மா அப்படி?"

"சில நேரம் நேராப் போறதைவிடச் சுத்திப் போறது மலிவு. அதை வாங்கிட்டு வேணாங்கிற பயணத்தை எல்லாரும் விட்டுட்டா எங்களுக்கு நஷ்டமில்லையா?"

"தூரம் கூடினா விலை குறையுமா! மாப்ள, கேட்டியா அதிசயத்தை!"

"அத்தான், எம்பொண்ணு கல்யாணம்!"

"இருடா. ஏம்மா, செபு ப்ளேன் லேட்டானா?"

"ஒரே டிக்கெட்டுன்னா அடுத்த ப்ளேன்ல நாங்களே ஏத்திவிடுவோம். தனித்தனியா வாங்கியிருந்தா அது உங்க பாடு."

"இப்ப மாத்திக் குடுக்க முடியாதா?" நிகானோர் கெஞ்சினான்.

"மாத்தலாம். ஆனா சனிக்கிழமைக்கு முன்னாடி வேற சீட்டு இல்லையே. நாளைக்குக் காலைல செபுல நின்னீங்கன்னா எல்லாம் சரி."

நிகானோர் என்னைப் பார்த்த பார்வையில் மூட்டைக் கருவாடெல்லாம் வறுபட்டிருக்கும். அன்று மாலை செபு போகும் விமானத்துக்கு என் செலவில் டிக்கெட் வாங்கினேன். மணிலாவுக்கு வருவதற்காக மணிலாவை விட்டுப் போனான்.

மறுநாள் காலை அவனைக் கட்டிக்கொள்ள விமான நிலைய வாசலில் நின்றேன். ஃபோன்தான் வந்தது.

"உள்ள வழியாவே தோஹா ப்ளேனுக்கு வந்துட்டேன் அத்தான். பொட்டியும் நேரா அங்கதான் போகுதாம்."

"கப்பல் சொகம் உண்டா?"

"ஒண்ணரை மணி நேரத்துல கொண்டாந்து எறக்கிட்டான்!"

சனிக்கிழமை படம் வந்தது. வெள்ளை உடுப்பில் மகள், பக்கத்தில் விறைப்பாக அவன். உடனே கூப்பிட்டேன்.

"மாப்ள, திரும்பி வர்றப்போ மணிலாலயே எறங்கிடேன். மணிலா-செபுதான் டிக்கெட்டுல கடைசித் துண்டு, அதை விட்டா ரத்தாக என்ன இருக்கு? கப்பல்ல..."

ஃபோனை வைத்துவிட்டான்.