பெட்டிசம் எழுதியவள்

அம்னா உள்ளங்கையை விரித்துப் புத்தகத்தின் பக்கத்தை மறைத்தாள். மகள் நஸ்ஹா நிறுத்தவில்லை. "கிளி பறந்து போய் மாமரத்தில் அமர்ந்தது. அங்கே ஓர் அணில் இருந்தது" என்று ஒரு சொல் பிசகாமல் வாசித்துக்கொண்டே போனாள். அந்தப் பக்கம் முடிந்து அடுத்த பக்கத்துக்கும் போனாள். தாள் புரளவே இல்லை.

அம்னா கையை எடுத்தாள்.

"நிப்பாட்டு." புத்தகத்தின் பின்பக்கமாகப் புரட்டி, வகுப்பில் இன்னும் படிப்பிக்காத ஒரு பாடத்தைக் காட்டினாள். "இத வாசி."

நஸ்ஹா தாளைப் பார்த்தாள். உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "இது இன்னம் டீச்சர் வாசிச்சுத் தரல்லியே உம்மா."

"டீச்சர் வாசிச்சா என்ன, வாசிக்காட்டி என்ன? எழுத்துக் கிடக்குதானே. வாசி."

எட்டு வயதுப் பிள்ளை. முதல் எழுத்தில் விரலை வைத்து 'ப' என்றாள். இல்லை, 'ம' என்றாள். மறுபடியும் 'ப' என்றாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது. "எனக்கு எழுத்துப் பிடிபடுதில்ல உம்மா. காதால கேட்டாப் பாடமாகிடும். அதான் அப்பிடியே சொல்ற."

இரண்டரை வருடம்! ஒரு வகுப்பை, மூன்று டீச்சர்மாரை, பெற்ற தாயையும் சேர்த்து இவ்வளவு காலம் சமாளித்திருக்கிறாள் என்றால் அந்தப் பிள்ளைக்கு எத்தனை மூளை இருக்க வேண்டும்! அம்னாவுக்கு அப்படி நினைக்கத் தோன்றவில்லை. அவளுக்குப் பயம்தான் வந்தது. மண்டையில் ஒன்றுமில்லை என்பார்கள். ஜின் பார்த்த பிள்ளை என்பார்கள். உம்மா வயிற்றில் வைத்திருக்கும்போது என்னத்தைத் தின்றாளோ என்பார்கள். நாளைக்கு மாப்பிள்ளை பேசப் போனால் அதற்கும் ஒரு கதை வரும். ஊர் என்ன சொல்லும் என்று அம்னாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதே வாயால் மூன்றாம் வீட்டுச் சப்னாவின் மகனைப் பற்றி இதையெல்லாம் அவளே சொல்லியிருக்கிறாள்.

"ஒருத்தருக்கிட்டயும் சொல்லப்படா. வாப்பா கட்டாருல இருந்து கோல் எடுத்தாலும் சொல்லப்படா. வெளங்குதா?"

நஸ்ஹா தலையை ஆட்டினாள்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு வாசலில் சத்தம் கேட்டது. "அம்னா, கதவத் தெறகா!" பின்வீட்டுச் சித்தி நபீஸா. கூடவே பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் முனாப். வாவிப் பக்கமிருந்து ஈரக்காற்று அடித்து இருவருடைய உடுப்பையும் இழுத்துக்கொண்டிருந்தது. மாரி தொடங்கும் அறிகுறி.

"தங்கச்சி, ஒரு பெட்டிசம் எழுதணும்," என்றார் முனாப். "சப்னாட மகன் அப்ஹாம் இரிக்கானே, அவன ஸ்கூல உட்டு எடுக்கச் சொல்லி. வலயக் கல்விக் கந்தோருக்கு அனுப்புற. ஒங்கட கையெழுத்தப் போல இந்தத் தெருவுல ஆருக்கு இரிக்கி?"

சும்மா சொல்லக் கூடாது, அம்னாவின் எழுத்து அப்படி. கிணற்றுச் சண்டையா, ரோட்டு லைட் எரியவில்லையா, கிராம சேவகர் கையொப்பம் வைக்கவில்லையா, மேலிடத்துக்கு முறைப்பாட்டு மனு, அதாவது பெட்டிசம், எழுதுவது அம்னாதான். எழுதி, வீடு வீடாகப் போய் அதை உரக்க வாசித்துக் காட்டி, ஒப்பம் வாங்கி வருவதும் அவள்தான். வாசித்துக் கேட்காமல் எந்தப் பெட்டிசத்திலும் ஒப்பம் வைப்பதில்லை என்பது இந்தத் தெருவின் பழக்கம். யாரும் தாங்களாக வாசித்துப் பார்ப்பதுமில்லை.

"அவன் என்ன செஞ்சான்?"

"என்ன செய்யல்ல எண்டு கேளு!" என்றாள் நபீஸா. "கதிரையில குந்துறானில்ல. மணி அடிச்சாக் காதப் பொத்திக்கிட்டுக் கத்துறான். போன கெழம கேற்றால பாஞ்சு ஓடி, வாவிக்குள்ள இடுப்பளவு தண்ணியில நிண்டான். தோணிக்காரன் ஒருத்தன் கண்டு தூக்கி வந்த. இல்லாட்டி மையத்துதான். எங்கட புள்ளைகளுக்கும் இது தொத்தினா என்னகா செய்ற?"

மாட்டேன் என்று சொல்ல அம்னாவின் நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். என்றைக்கும் மறுக்காதவள் இன்றைக்கு ஏன் மறுக்கிறாள் என்று நபீஸா இரவு சோற்றோடு சேர்த்து மெல்லுவாள். இன்னொரு நினைப்பும் வந்தது, கேவலமான நினைப்புத்தான். தெருவின் கண்ணெல்லாம் அப்ஹாமில் இருக்கும் வரைக்கும் நஸ்ஹாவை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

"எழுதித் தாறன் காக்கா," என்றாள் முனாபிடம்.

மூன்று பின்னேரம் நடந்தாள். தனியே விட்டுவிட்டுப் போக முடியாமல் நஸ்ஹாவையும் கையில் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று வாசித்தாள். 'தரம் மூன்றில் கற்கும் மேற்படி மாணவனின் கட்டுப்பாடற்ற நடத்தையினால் ஏனைய பிள்ளைகளின் கல்வி பெரிதும் பாதிக்கப்படுவதால்...' கேட்டவர்கள் எல்லாரும் "சரியான பேச்சு" என்று சொல்லி ஒப்பம் வைத்தார்கள். பிள்ளையே இல்லாதவர்களும் வைத்தார்கள். மூன்றாம் வீட்டைக் கடக்கும்போது மட்டும் அம்னாவின் கால் வேகமானது. சப்னா தையல் மெசினிலிருந்து தலையை நிமிர்த்திச் சலாம் சொன்னாள்.

"மழ வரப் போகுது, எங்க ராத்தா இந்த நேரத்துல?"

"சும்மா, இஞ்சாலதான்."

தெரு முனை திரும்பியதும் நஸ்ஹா கேட்டாள். "உம்மா, அப்ஹாமுக்கு அந்தப் புதுக் கரண்ட் மணிதான் ஒத்துவருதில்ல. அவன் அதுக்குத்தான் ஓடுற. மணிய மாத்தினாச் செரிதானே?"

"பொத்து வாய," என்றாள் அம்னா.

சனிக்கிழமை காலை பாடசாலை மண்டபத்தில் கூட்டம். தகரக் கூரையில் மழை கொட்டுகொட்டென்று கொட்டியது. முனாப் பெட்டிசத்தைக் கணினியில் அடிப்பித்துப் போட்டோக் கொப்பி எடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுத்துக்கொண்டு போனார். கடைசி வரிசையில் தனியே இருந்த சப்னாவின் கையிலும் ஒன்றைத் திணித்தார். அவள் மகனை அடித்து விரட்டும் கடதாசியை அவளுக்கே கொடுக்கிறோமே என்று ஒரு கூச்சம் வேண்டுமே! கிடையாது. நனைந்து வந்த பெண்கள் கொப்பியைச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள். சிலர் கதிரையின் ஈரத்தைத் துடைத்தார்கள்.

பாடசாலை அதிபர் எழுந்தார். "பாதிக்கப்படுறது புள்ளைகள். அதால இத ஒரு புள்ளையே வாசிக்கட்டும். தரம் மூண்டுலயே கெட்டிக்காரி ஆரு?"

"அம்னா ராத்தாட மகள்!" என்று நாலு குரல் ஒன்றாக வந்தது.

அம்னா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவக்குத் தடிமன் சேர், தொண்ட சரியில்ல..."

"நான் வாசிக்கன் உம்மா," என்றாள் நஸ்ஹா. உம்மாவைத் தான் காப்பாற்ற வேண்டும் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. எழுந்து போய் மேசைக்கு முன்னால் நின்று, கொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொடங்கிவிட்டாள். கணீரென்ற குரல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி. மூன்று பின்னேரமும் முப்பத்தெட்டு வாசலில் கேட்டதல்லவா.

அம்னா தன் கொப்பியைப் பார்த்தாள். இரண்டாம் பந்தி அவள் எழுதியதே அல்ல. 'மேற்படி மாணவனை மட்டுமன்றி, எழுத வாசிக்க முடியாத ஏனைய பிள்ளைகளையும் இனங்கண்டு நீக்குமாறும்' என்று முனாப் புதிதாகச் சேர்த்திருந்தார். நஸ்ஹாவோ பழைய பந்தியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். தாளில் இல்லாததை, தாளைப் பார்த்தபடி, தடுமாற்றமே இல்லாமல்.

அம்னா மெல்லத் தலையைத் திருப்பினாள். ஒருவரும் கொப்பியைப் பார்க்கவில்லை. அதிபர் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். முனாப் கூரை ஒழுகும் இடத்துக்கு வாளி வைத்துக்கொண்டிருந்தார். சப்னா மட்டும் விரலை வைத்து வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தாள். அந்த விரல் நின்றது. மேலே போனது. திரும்ப வந்து நின்றது. சப்னா நஸ்ஹாவைப் பார்த்தாள், பிறகு நேராக அம்னாவைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது. அம்னா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

கைதட்டல் மழைச் சத்தத்தையும் மீறி எழுந்தது. சித்தி நபீஸா நஸ்ஹாவை இழுத்து அணைத்து உச்சியில் முத்தமிட்டாள். "மாஷா அல்லாஹ், எங்கட கிளி!"

"பாத்தீங்களா," என்றார் அதிபர். "இப்பிடித்தான் இரிக்கோணும் ஒரு தரம் மூண்டுப் புள்ள. திங்கக்கிழம எல்லாருக்கும் வாசிப்புச் சோதின வெக்கிற. ஏலாத புள்ளைகளப் பேரெழுதி அனுப்புற. நஸ்ஹாக்கு அது தேவல்ல, அவ இப்பவே பாஸ்."

தப்பிவிட்டாள். அம்னாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. இனி ஒரே ஒரு வாய்தான் பாக்கி.

"சப்னா, ஒங்களுக்கு ஏதும் சொல்லக் கிடக்கா?" முனாப் கேட்டார், கேட்க வேண்டுமே என்பதற்காக.

சப்னா எழுந்தாள். அம்னா கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். ஒரு சொல் போதும். இந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது, வேறொரு தாளைக் கொடுத்துப் பாருங்கள் என்றால் முடிந்தது. பெட்டிசம் எழுதியவளின் மூக்கை அறுக்க அதைவிட நல்ல கத்தி அவளுக்குக் கிடைக்காது. அம்னாவாக இருந்தால் சொல்லியிருப்பாள், அது அம்னாவுக்கே தெரியும்.

"என்ட மகன் நல்லா வாசிப்பான் சேர்," என்றாள் சப்னா. "பேப்பரும் வாசிப்பான். அந்த மணிச் சத்தம் மட்டும்தான் அவனுக்கு ஏலா. அத மாத்தித் தந்தீங்கெண்டா..."

சிரிப்பு எழுந்தது. "புள்ளைக்காக மணிய மாத்துறதா!" என்று யாரோ சொன்னார்கள். சப்னா வேறொன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாள். நஸ்ஹாவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்னாவுக்கு வந்த வெட்கம் அவள் ஆயுளில் அறியாதது. அடித்தவளின் பிள்ளையை அடிபட்டவள் மறைத்து நிற்கிறாள். தான் மூன்று பின்னேரம் நடந்து ஊரைக் கூட்டியது இவளுக்கு எதிராகவா?

"அடிச்ச கொப்பியில எல்லாரும் திரும்ப ஒப்பம் வெக்கணும், மொத ஒப்பம் ஒங்கட," என்று முனாப் மூலப் பிரதியையும் பேனையையும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். "எழுதினவ நீங்கதானே தங்கச்சி."

நீக்கப்பட வேண்டிய பிள்ளைகள் என்று ஒரு தலைப்பு. அதன் கீழே ஒரே ஒரு பெயர் அடிக்கப்பட்டிருந்தது. மீதிக் கோடுகள் திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தன. அம்னா பேனையைத் திறந்தாள். ஒப்பம் வைக்கும் இடத்துக்கு அவள் கை போகவில்லை. அப்ஹாமின் பெயருக்குக் கீழே, இரண்டாம் கோட்டில் எழுதத் தொடங்கினாள். எழுதி முடியும்வரை முனாப் பொறுமையாக நின்றார், ஒப்பம் நீளமாக இருக்கிறதே என்று நினைத்திருப்பார்.

நஸ்ஹா வந்து உம்மாவின் தோளில் சாய்ந்து தாளை எட்டிப் பார்த்தாள்.

"என்ன உம்மா எழுதினீங்க?"

பாடமாக்க யாரும் வாசித்துக் கொடுக்காத வரி அது.

அம்னா எழுந்து நின்றாள். வாசல் வாசலாக நின்று வாசித்த அதே குரலில், கடைசி வரிசைக்கும் கேட்க வாசித்தாள்.

"றம்ஸீன் நஸ்ஹா. தரம் மூன்று. வாசிக்கத் தெரியாது. காதால் கேட்டதையே இவ்வளவு நேரமும் சொன்னாள். முதலில் இவளை நீக்குங்கள்." தாளை அதிபரின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். "இதயும் வலயத்துக்கு அனுப்புங்க சேர். மறுகா நானும் ஒரு பெட்டிசம் எழுதுவன், மணியப் பத்தி. அதுல மொத ஒப்பம் சப்னாட."

திரும்பி வந்து உட்காரப் போனாள் அம்னா. அவள் கதிரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நடந்துபோகும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. சித்தி நபீஸா தன் கதிரையைத் தள்ளிப் போட்டு, பக்கத்திலிருந்த தன் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்துக்கு முன் நஸ்ஹாவை முத்தமிட்ட வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.