கண்ணாடிக்கார அத்தான் ஆம்ப் வாங்கிய கதை

கல்லூரியில் தந்தி என்று பெயரெடுத்தவனுக்கு மூன்று வகை மனிதர்களைக் கண்டால் ஆகாது. கிதார் வாசிக்கத் தெரியாதவர்கள், தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், அவனைவிட நன்றாக வாசிப்பவர்கள். மூன்றாவது வகையில் ஒருவர்கூட இருப்பதாக அவன் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. ஆகவே அவனுடைய இளப்பம் முழுவதும் முதல் இரண்டு வகைக்கே போய்ச் சேர்ந்தது. அவனுடைய அக்காவின் கணவர் அந்த இரண்டு வகையிலும் ஒரே சமயத்தில் இருந்தார்.

அத்தானுக்குக் கண்ணாடிக் கடை. வருகிறவர்களின் முகவாயை மெஷினில் பொருத்தி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பார். பகல் முழுக்க இதையே கேட்டுக் கேட்டு, எதையும் இரண்டிரண்டாக அடுத்தடுத்துக் காட்டினால்தான் விளங்கும் என்ற நிலைக்கு மனிதர் வந்திருந்தார். சட்டை வாங்கினாலும் அப்படித்தான், தலையணை வாங்கினாலும் அப்படித்தான். அக்காவை மட்டும் எப்படி ஒப்பிட்டுப் பார்க்காமல் கட்டிக்கொண்டார் என்பது குடும்பத்தில் இன்றுவரை விளங்காத மர்மம்.

நாற்பது வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்குக் கவிதை வரும். அத்தானுக்கு எலக்ட்ரிக் கிதார் வந்தது.

ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி இல்லாத எலக்ட்ரிக் கிதார், துணி காயப்போடும் கொடியைச் சுண்டினால் எப்படியோ அப்படித்தான் சத்தம் போடும். அதுவே அதன் தலையாய சிறப்பு என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். அத்தான் மட்டும் நிம்மதியாக இல்லை. அவருக்குக் கார்டு என்கிற சுரக்கூட்டுகள் இரண்டு தெரியும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவர் விரல்கள் போய்ச் சேருவதற்குள் கேட்கிறவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காரலாம். ஏன் என்று கேட்டால், "ஆம்ப் இல்லாம விரல் எப்படி ஓடும்?" என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அத்தானுக்கு இன்னும் கூடமே கட்டியாகவில்லை.

வீட்டில் வாசித்துப் பழக எந்த ஆம்ப் நல்லது என்று அவர் ஆராய ஆரம்பித்தார். தாடியும் தொப்பியும் வைத்த யாரோ ஒருவர், சுவர் கொள்ளாத கிதார்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, "நீங்கள் புதிதாகப் பழகுகிறவரா? என்னைப்போலவே நீங்களும்..." என்று தொடங்கும் வீடியோக்கள் அத்தனையும் பார்த்தார். கிதாரைத் தொட்ட நேரத்தைவிட ஆம்பைப் பற்றிப் படித்த நேரம் அதிகமானபோது, தந்திக்குப் போன் செய்தார்.

"மாப்ள, ஆம்ப் வாங்கப் போறேன். நீ கூட வரணும். உனக்குத்தான் விஷயம் தெரியும்."

வேறு நாளாக இருந்தால் பரீட்சை என்று தந்தி கழன்றிருப்பான். இப்போது அவனுக்கே ஒரு தலைவலி இருந்தது. அவன் வாசிக்கும் கல்லூரிக் குழுவின் ஒரே ஆம்ப், ஒத்திகையின் நடுவில் புகை கக்கிச் செத்துப்போயிருந்தது. கல்லூரி இசைப் போட்டியோ அடுத்த மாதம். குழுவின் டிரம்காரன், உலக்கை என்று அழைக்கப்படுபவன், தெளிவாகச் சொல்லிவிட்டான்: "ஆம்ப் கொண்டா, கிதார் வாசி. இல்லேன்னா ஓரமா நின்னு சலங்கை குலுக்கு. கீபோர்டு பொண்ணு உன் பகுதியையும் சேத்து வாசிச்சிக்கும்."

கீபோர்டு பெண் அதை உண்மையிலேயே வாசித்துவிடுவாள் என்பதுதான் தந்தியின் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆகவே திட்டம் தயாரானது. அத்தானை எப்படியாவது மேடைக்கு ஏற்ற பெரிய ஆம்பை வாங்கவைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் அவருக்கு ஆசை விட்டுப்போகும். அதன் மேல் அக்கா இஸ்திரித் துணியை அடுக்கும்முன் தந்தி போய்த் தூக்கி வந்துவிடுவான். கழுதையிடம் போய்க் கற்பூரம் கெடுவதைவிட இது தர்மம் என்றே அவனுக்குத் தோன்றியது.

கிளம்பும்போது அக்கா வாசலில் நின்றாள். அவள் வீட்டிலிருந்தபடியே பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுப்பவள்.

"இங்க பாரு, பெருசா எதையாவது தூக்கிட்டு வந்தீங்க, ரெண்டு பேரையும் அந்தப் பொட்டியோடயே வெளிய வெச்சுப் பூட்டிடுவேன். நான் வகுப்பு எடுக்கிறப்ப சத்தம் வரக்கூடாது."

"அக்கா, பெரிய ஆம்ப்ல சத்தத்தைக் குறைச்சு வெச்சுக்கலாம். சின்னதுல தரம் இருக்காது."

"உங்க அத்தான் வாசிக்கிறதுக்குத் தரம் எதுக்குடா?"

தந்தியின் வாழ்நாளில் அக்கா சொன்ன முதல் அறிவான வார்த்தை அது.

கடை ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. கிதார்கள் கசாப்புக்கடையில்போல வரிசையாகத் தொங்கின. முடியைக் கொண்டை போட்டிருந்த விற்பனையாளர், வாசிக்கத் தெரியாதவர்களை வாசற்படியிலேயே கண்டுபிடித்துவிடும் கண்ணோடு அத்தானைப் பார்த்தார்.

"இதுல டோன் ரொம்ப வார்மா இருக்கும் சார்."

"சூடாகுமா?" என்றார் அத்தான் கவலையோடு. "வீட்டுல மரத் தரை."

"இல்ல சார். டோன் வார்ம்."

"தரைக்கு ஒண்ணும் ஆகாதே?"

தந்தி கூரையைப் பார்த்தான். கூரையும் பெரிதாக ஆறுதல் சொல்லவில்லை.

பின்பக்கம் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, துவைக்காத காலுறை வாசனையோடு இருந்தது. அங்கே இரண்டு ஆம்புகளை வைத்தார்கள். ஒன்று நூறு வாட், துணிப்பெட்டி அளவு, தந்தியின் தேர்வு. இன்னொன்று அஞ்சு வாட், காலணிப் பெட்டி அளவு, மூன்றே திருகு, ஹெட்போன் மாட்ட ஒரு துளை. வீடியோவில் தாடிக்காரர் சிபாரிசு செய்ததென்று அத்தானே சொல்லி வைக்கச் சொன்னது.

"சார், வாசிச்சுப் பாருங்க," என்று கிதாரை நீட்டினார் கொண்டைக்காரர்.

அத்தான் முகம் வெளுத்தது. கடையில், அந்நியர் முன்னால், இரண்டு கார்டுகளோடு உட்காரும் துணிச்சல் அவருக்கு இல்லை. "மாப்ள வாசிப்பான். நான் கேக்குறேன். ஆனா முறைப்படி செய்யணும். ரெண்டுலயும் ஒரே பாடம். நான் திரும்பி உட்கார்ந்துக்கறேன், கண்ணாலே பாத்தா காது ஏமாந்துடும்."

அவர் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, பஞ்சுச் சுவரைப் பார்த்து, பல் பிடுங்கக் காத்திருப்பவரைப்போல உட்கார்ந்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்ததாகத் தந்தி நினைத்தான்.

பெரிய ஆம்பில் அவன் எடுத்துக்கொண்டது அத்தானுடைய முதல் பாடத்தைத்தான். கைக்குழந்தைக்கும் அலுத்துப்போகிற பாடம். ஆனால் அதைத் தந்தி இழைத்தான், வளைத்தான், கமகம்போல அசைத்தான். பஞ்சுச் சுவரே மெய்சிலிர்த்தது. வெளியிலிருந்து ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு வயரைச் சின்ன ஆம்புக்கு மாற்றினான். அதே பாடம். இம்முறை விரலை மெட்டுக்கட்டையிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தான், கம்பி கறகறத்தது. கார்டு மாறும் இடத்தில் வேண்டுமென்றே தடுமாறினான். ஒரு கம்பியை அரைகுறையாக அழுத்தி முனகவிட்டான். ஒரு மட்டமான ஆம்ப் எப்படி ஒலிக்கும் என்று அவன் மனதில் இருந்ததோ அதை அச்சு அசலாகக் கொண்டுவந்தான். கொண்டைக்காரர் புருவத்தை உயர்த்தினார். பெரியது விற்றால் அவருக்கும் நல்லது என்பதால் உடனே இறக்கிக்கொண்டார்.

"எது தெளிவு அத்தான்?" என்றான் தந்தி, பதில் தெரிந்த வாத்தியாரின் அடக்கத்தோடு.

அத்தான் மெல்லத் திரும்பினார். முகத்தில் ஒரு இரக்கம் இருந்தது.

"ரெண்டாவதுதான், மாப்ள."

"ரெண்டாவதா?"

"பெரிய பொட்டி எல்லாத்தையும் பூசி மெழுகிடுது. யார் வாசிச்சாலும் அதுல அப்படித்தான் கேக்கும்போல. சின்னதுதான் உள்ளதை உள்ளபடி சொல்லுது." குரலைத் தணித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதே. இத்தனை வருஷமா நீ நல்லா வாசிக்கிறேன்னு நானும் நம்பிட்டேன். பொட்டிதான் வாசிச்சிருக்கு."

கொண்டைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்து, அறையைவிட்டு வெளியே போனார்.

தந்தி வாயைத் திறந்தான். வேண்டுமென்றேதான் தப்பாக வாசித்தேன் என்றால், ஏன் என்ற கேள்வி வரும். பேசாமல் இருந்தால், கார்டு மாறத் தெரியாதவன் என்ற பட்டத்தோடு படியிறங்க வேண்டும். அதுவும் யாரிடமிருந்து? இரண்டு கார்டுக்காரரிடமிருந்து. ஒரு பக்கம் போட்டி, ஒரு பக்கம் மானம். மானம் ஜெயித்தது. மானம் எப்போதுமே அவசரக்காரன்.

"கை கொஞ்சம் வேர்த்துடுச்சு அத்தான். இப்பக் கேளுங்க."

அதே சின்ன ஆம்பில் மறுபடி வாசித்தான். இப்போது மனதார வாசித்தான். சுரம் ஒவ்வொன்றும் கழுவித் துடைத்த கண்ணாடிபோலப் பளிச்சென்று விழுந்தது. அந்தக் காலணிப் பெட்டிக்குள் இவ்வளவு இனிமை இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அத்தானின் கண் கலங்கியிருந்தது.

"பாத்தியா!" என்று ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். "ரெண்டு நிமிஷத்துல உன்னையே திருத்திடுச்சே இந்தப் பொட்டி! அப்ப என்னை எங்க கொண்டுபோய் விடும்? ஏங்க, இதைப் பேக் பண்ணுங்க!"

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். ஆனால் அந்த மண்ணை அதற்கே பேக் பண்ணிக் கொடுத்து, ஸ்கூட்டரில் மடியில் வைத்துக்கொண்டு வரச் சொல்வதில்லை. தந்தி அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தான்.

வீட்டு வாசலிலேயே அத்தான் அக்காவிடம் விவரம் சொன்னார், மிகுந்த நாகரிகத்தோடு. "அவனுக்கும் அடித்தளம் கொஞ்சம் பலவீனமாத்தான் இருக்கு. வெளிய சொல்லிடாதே, பாவம்." பெட்டியின் அளவைப் பார்த்த சந்தோஷத்தில் அக்கா எதையும் நம்பத் தயாராக இருந்தாள்.

மறுநாள் ஒத்திகை அறையில் தந்தி தலையைத் தொங்கப்போட்டு நின்றான். "அஞ்சு வாட்டுடா. அதைக் குப்பையிலதான் போடணும். மேடையில எவனுக்கும் கேக்காது."

உலக்கை டிரம் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டான். "அது முன்னால ஒரு மைக்கை நிறுத்தினா போதுமேடா. அரங்கத்து ஸ்பீக்கர்ல ஊருக்கே கேக்கும். நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. இது தெரியாதா உனக்கு?"

தெரியாது. சின்ன ஆம்ப் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவனுக்கு எப்படித் தெரியும்? கீபோர்டு பெண் சலங்கையை மேசையின் ஓரத்துக்கு, அவன் கைக்கு எட்டுகிற மாதிரி, தள்ளி வைத்தாள்.

மாலையில் தந்தி அத்தான் வீட்டு மணியை அடித்தான். ஒரே ஒரு நாளைக்கு ஆம்ப் வேண்டும் என்றான். அத்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தர்றதுல எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள. ஆனா அது உள்ளதைச் சொல்ற பொட்டி. மேடையில நீ கடையில வாசிச்ச மாதிரி வாசிச்சு வெச்சா, எனக்கும் அவமானம், பொட்டிக்கும் அவமானம். தினம் சாயங்காலம் வா. முதல் பாடத்துல இருந்து பழகலாம். தேறிட்டேன்னு தோணினா எடுத்துட்டுப் போ."

"அத்தான், நான் எட்டாவது படிக்கிறதுலேருந்து வாசிக்கிறேன்."

"அதான் சொல்றேன். தப்பாப் பழகினது போறதுக்கு நாளாகும்."

தந்தி சலங்கையை நினைத்துப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான்.

அத்தான் தன் கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்த சுழல் ஸ்டூலில் ஏறி, சுவரைப் பார்த்துத் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டார். தந்தி முதல் பாடத்தைத் தொடங்கினான். அதில் ஒரு வளைவு சேர்த்தால், "பூசி மெழுகாதே," என்றார். கொஞ்சம் வேகம் எடுத்தால், "ஓடாதே, நான் எந்த வேகத்துல போறேனோ அந்த வேகத்துல போ," என்றார். வளைவும் வேகமும் போன பிறகு மிஞ்சியது, துணிக்கொடியை யாரோ யோசித்து யோசித்துச் சுண்டும் சத்தம்தான்.

"ம்ம். இது தெளிவு. திரும்ப."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "என்னங்க, வகுப்பு ஆரம்பிக்கப்போகுது. இப்ப வாசிக்கிறது நீங்களா, அவனா?"

அத்தான் கண்ணைத் திறந்து தந்தியைப் பார்த்தார். பெருமை அவர் முகத்தில் வழிந்தது.

"கேட்டியா மாப்ள? வித்தியாசமே தெரியலையாம்!"

தந்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான்.